மாதாமாதம் கட்டும் பணத்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி:
ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக உகாண்டாவில் ஒரு சிறுமிக்கு ஆறு வருடமாக மாதாமாதம் பணம் கட்டுகிறேன். வருடத்துக்கு ஒரு புகைப்படம், ஒரு கடிதம் வரும். அவள் வரைந்த ஆடு ஒன்று (கால் ஐந்து!) என் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர், "இதெல்லாம் உன் மனத்திருப்திக்குத்தான், ஏழை நாட்டுப் பிள்ளைகளை நிஜமாகக் காப்பாற்றுவது அரசாங்கப் பணம்" என்று சொல்லிவிட்டார். வாயடைத்துப் போனேன். சரிதானா?

பதில் 1:
பெரும்பாலும் சரி. பெரியம்மை ஒழிந்ததாக 1980-ல் அறிவித்தார்களே, அது உண்டியல் குலுக்கி நடந்ததில்லை. பனிப்போர் நடுவிலேயே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தடுப்பூசி கொடுத்தன, அந்தந்த நாட்டு அரசு ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நன்கொடை என்பது டிவியில் வெள்ளம் காட்டினால் கொட்டும், மறுமாதம் வற்றிவிடும். தடுப்பூசி, எச்ஐவி மருந்து எல்லாம் அப்படி விட்டுவிட்டுக் கொடுக்கிற சமாச்சாரமா?

பதில் 2:
அரசாங்கப் பணம் வற்றாது என்று யார் சொன்னது? பட்டினியில் ஒட்டி உலர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேர்க்கடலைப் பசையைப் பார்த்திருக்கிறீர்களா? 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், மூலையைக் கிழித்துக் கொடுத்தால் பிள்ளை அப்படியே பிதுக்கிச் சாப்பிடும், ஆறேழு வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடும். 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டைக் கலைத்தபோது இந்தப் பசை பெட்டி பெட்டியாக அமெரிக்கக் கிடங்குகளிலேயே தேங்கிக் கிடந்தது. தேர்தலில் ஆள் மாறினார், அவ்வளவுதான். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்கு உதவியாகத் தருவது என்று 1970-ல் ஐ.நா.வில் பேசியதை இன்றுவரை விரல் விட்டு எண்ணும் நாடுகள்தான் செய்கின்றன.

பதில் 3:
ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சில வருடம் கணக்கு எழுதியவன் நான். போலியோவைப் பாருங்கள். 1985-ல் ரோட்டரி சங்கத்துக்காரர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கினார்கள், 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அரசாங்கங்களும் சேர்ந்த பிறகுதான் அது உலகம் முழுக்கப் போனது. யாரும் தொடாத வேலையைத் தொட்டுப் பார்க்கத் தனியார் பணம் நல்லது, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுபோக அரசாங்கம் வேண்டும்.

அப்புறம், நீங்கள் கட்டுவது வீண் என்பது தப்பு. உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் இப்படி உதவி பெற்ற பிள்ளைகளை வளர்ந்த பிறகு தேடிப் பார்த்த ஆய்வு 2013-ல் வந்தது: ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆனால் ஒன்று கேளுங்கள். எங்கள் இடத்தில் ஒரு வருடம் நிதி குறைந்ததும் திட்டத்தையே மூடிவிட்டுக் கிளம்பினோம், பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் நிறுவனம் மூடினால் அந்தப் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? அனாதை இல்லம் நடத்துகிறார்கள் என்றால் இன்னும் குடைந்து கேளுங்கள், அங்கே இருக்கிற பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பார்கள்.

கேட்டவர்:
மூடினால் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற கேள்வியை இன்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஆறு வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. பதில் வரும்வரை பணம் கட்டுவதை நிறுத்துவதாக இல்லை.