மறு: சோமட்டோமெடின் – 'வளர்தூதி' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் உடலில் உருவாகி வளர்ச்சியை நடத்தும் பொருளான சோமட்டோமெடினுக்குத் தமிழில் 'வளர்தூதி' என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். சொல் சிறியது, நாவுக்கும் எளிது. ஆயினும் அதனை ஏற்கத் தயங்குகிறேன். சொல்லாக்கத்தில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. இப்பொருளின் முதல் தடயத்தைக் கண்டு, பின்னர் அதன் பெயர் மாறியபோதெல்லாம் உடனிருந்த வில்லியம் டாகடேயின் ஆய்வு வரலாறே என் தயக்கத்திற்குக் காரணம்.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாகடேயும் சால்மனும் செய்து 1957-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட எலிகளின் விலாக் குருத்தெலும்பைத் துண்டுகளாக்கி, கதிரியக்கக் கந்தகம் கொண்ட சல்ஃபேட் கரைசலில் இட்டு, அத்துண்டுகள் எவ்வளவு சல்ஃபேட்டை ஈர்த்துக்கொள்கின்றன என்று அளந்தார்கள். வளரும் குருத்தெலும்பு சல்ஃபேட்டைத் தன் கட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளும் என்பதால் அந்த அளவையே வளர்ச்சிக்கு அறிகுறியாகக் கொண்டார்கள். வளர்ச்சி ஹார்மோனை நேரே கரைசலில் கலந்தபோது குறிப்பிடும்படி எதுவும் நிகழவில்லை. நலமான எலியின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) சேர்த்தபோது ஈர்ப்பு கூடியது. பிட்யூட்டரி இழந்த எலியின் சீரம் அவ்வாறு செய்யவில்லை. ஆனால் அத்தகைய எலிக்கே வளர்ச்சி ஹார்மோனை ஊசி மூலம் செலுத்திவிட்டு எடுத்த சீரம் மீண்டும் வேலை செய்தது. அப்படியானால் ஹார்மோன் உடலுக்குள் வேறொன்றை உண்டாக்குகிறது, அதுவே குருத்தெலும்பைத் தூண்டுகிறது என்று முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் தந்த பெயர் 'சல்ஃபேட்டேற்றக் காரணி'. சோதனைக் குழாயில் கண்டதற்கு மேல் ஒன்றும் சொல்லாத பெயர் அது.

அப்பொருள் சல்ஃபேட்டோடு நிற்பதில்லை என்பது தெரிந்த பிறகு, 1972-இல் டாகடே உள்ளிட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து 'சோமட்டோமெடின்' என்ற பெயரை முன்வைத்தார்கள். வளர்ச்சி ஹார்மோனின் செயலை இடைநின்று நடத்துவது என்பது அதன் கருத்து. 'வளர்தூதி' இதனைத்தான் தமிழாக்குகிறது. இதற்குச் சான்றும் வலுவாகவே இருந்தது. இஸ்ரேலில் சுவி லாரோன் விவரித்த குட்டையான குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாக இருந்தும், சல்ஃபேட்டேற்றக் காரணி உருவாகவில்லை என்பதை 1969-இல் லாரோனும் டாகடேயும் இணைந்து காட்டியிருந்தார்கள்.

ஆனால் சூரிக்கில் இதே பொருளை வேறு வாசல் வழியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்த பின்னும் சீரத்தில் இன்சுலின் போன்ற செயல் எஞ்சியிருப்பது ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. 1978-இல் ரிண்டர்க்நெக்ட், ஹும்பெல் இருவரும் அப்பொருளின் 70 அமினோ அமிலங்களின் வரிசையை முழுமையாக வெளியிட்டபோது, அது இன்சுலினின் முந்தைய வடிவமான முன்-இன்சுலினோடு நெருங்கிய உறவுடையது என்பது வெளிப்பட்டது. இன்று உலகம் வழங்கும் ஐஜிஎஃப் (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. வளர்ச்சியைத் தேடியவரும் வளர்சிதை மாற்றத்தைத் தேடியவரும் ஒரே மூலக்கூறில் வந்து முட்டிக்கொண்டார்கள் என்பது இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

'தூது' என்ற கருத்து அதன் பிறகு தளர்ந்துவிட்டது. கல்லீரலில் மட்டும் ஐஜிஎஃப்-1 (மேலே சொன்ன 70 அமினோ அமிலப் பொருள்) மரபணுவை நீக்கிய எலிகள், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தும், ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தன என்று 1999-இல் தெரியவந்தது. திசுக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அதன் உறவுப் பொருளான ஐஜிஎஃப்-2 இன்னும் பெரிய சிக்கல். அது வளர்ச்சி ஹார்மோனுக்கு அவ்வளவாகக் கட்டுப்பட்டதன்று. ஒரு தசைப் புற்றுக்கட்டி அதனைச் சுரந்ததும், நோயாளியின் இரத்தச் சர்க்கரை சரிந்ததும் 1988-இல் டாகடேயின் குழுவே வெளியிட்ட செய்தி. அதனை 'வளர்தூதி-2' என்று எழுதினால் மாணவர் எதற்கு யார் தூது என்று தேடிக் களைப்பார்.

ஆகவே என் முன்மொழிவு 'இன்சுலினொத்த வளர்காரணி' என்பது. 'போன்ற' என்பதைவிட 'ஒத்த' புணர்ந்து ஒரு சொல்லாக நிற்கும். மூலக்கூறின் உருவம் மாறப்போவதில்லை. அதன் பணி பற்றிய நம் கருத்து இன்னும் மாறக்கூடும். 'காரணி' கணக்கிலும் வருகிறதே என்று சிலர் சொல்லக்கூடும்; வகுப்பறையில் இதனால் எவரும் குழம்பியதாக நான் அறியேன். மருத்துவர்கள் பேச்சில் ஐஜிஎஃப் என்றே சொல்வார்கள், சொல்லட்டும். 1972 முதல் 1978 வரையிலான வரலாற்றை எழுதுகையில் சோமட்டோமெடினுக்கு 'வளர்தூதி' தாராளமாக நிற்கலாம். ஹார்மோனா, இயக்குநீரா, இலங்கை நூல்களின் ஓமோனா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓரிடத்தில் மட்டும் என் சொல் தடுமாறுகிறது. இவற்றை இரத்தத்தில் பற்றிச் சுமக்கும் ஆறு புரதங்களை 'இன்சுலினொத்த வளர்காரணிப் பிணைபுரதம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது பெரும்பாடு. சுருக்கமாக ஒன்று தோன்றினால் தெரிவியுங்கள்.