வார்டில் காதில் விழும் ஆங்கிலம்: செவிலியர்களின் அனுபவப் பகிர்வு

லீட்ஸ் (இங்கிலாந்து), முதியோர் வார்டு

ஓஇடி தேர்வுக்கு, அதாவது வெளிநாட்டில் வேலைக்குப் போகும் மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்கு, படிக்கும் தங்கைகள் சிலர் ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்று எந்த நோயாளியும் என்னிடம் சொன்னதில்லை. இங்கே காதில் விழுபவை வேறு.

எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர், ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்றார். சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை அவர் தலைமுறை இப்படித்தான் நாசூக்காகச் சொல்லும். பொதுக் கழிப்பறையின் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும் என்றிருந்த காலத்தின் பேச்சு அது. அந்தப் பழைய பென்னி 1971-இல் நாணய முறை மாறியபோது செல்லாமல் போனது. வழக்கு மட்டும் தங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தவர் இதைச் சொல்லும்போது நமக்குப் புரியாவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் கேட்கக் கூச்சப்பட்டு, தானே எழுந்து நடக்கப் பார்ப்பார், விழுவார். அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

‘ஐ டோன்ட் ஃபீல் டூ கிளெவர்’ என்றால் அறிவைப் பற்றிய பேச்சல்ல, உடம்பு சரியில்லை என்று பொருள். கேட்டவுடன் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். ‘ஐ குட் மர்டர் எ கப் ஆஃப் டீ’ என்றால் தேநீருக்கு ஏங்குகிறார், அவ்வளவுதான். என்னை அதிகம் கவலைப்படுத்துவது ‘எ பிட் சோர்’, அதாவது ‘கொஞ்சம் வலிக்கிறது’ என்ற சொல்தான். இந்த ஊர்ப் பெரியவர்கள் வலியைக் குறைத்தே சொல்வார்கள். ‘கொஞ்சம்’ என்பதை அப்படியே குறித்துக்கொள்ளாமல், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள். எட்டு என்று பதில் வரும்.

பர்மிங்காம், அறுவை அரங்கு

அக்கா சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்க்கிறேன். நம்மில் பலர் தடுமாறும் இடம், எதிர்மறைக் கேள்விக்கான பதில். ‘நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லையே?’ என்று கேட்டால், சாப்பிடாத தமிழர் ‘ஆமாம்’ என்பார். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறார். சாப்பிடாத ஆங்கிலேயர் ‘நோ’ என்பார். மயக்க மருந்து கொடுக்கும் முன் இந்த ஒரு சொல் குழம்பக் கூடாது. வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியையே நான் தவிர்க்கிறேன். ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கும் கேள்வியும் இதே வகை. ‘கையை நீட்டுவதில் உங்களுக்கு ஆட்சேபமா?’ என்பதுதான் அதன் உட்பொருள். ‘நோ’ என்று பதில் வந்தால் சம்மதம். மறுப்பு என்று நினைத்து ஊசியோடு பின்வாங்கி நிற்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை, ஓஇடி எழுதி முடித்தவர்

பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் தயாரிப்பு, ஏறக்குறைய ஐந்து நிமிடம் பேச்சு. எனக்குப் பெரிதும் உதவியது காலம் பற்றிய பயிற்சி. ‘எத்தனை நாளாக வலிக்கிறது?’ என்று நாம் நிகழ்காலத்தில் கேட்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட்’ என்றுதான் தொடங்க வேண்டும். ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்’ என்று கேட்டால், இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று பொருள் மாறிவிடும். படுக்கையில் கிடப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுதித் தோழியை நோயாளியாக உட்காரவைத்துத் தினமும் பேசினேன். அவள் வேண்டுமென்றே வழக்குச் சொற்களாகக் கொட்டுவாள். புரியாத இடத்தில் தலையாட்டக் கூடாது, ‘அதை இன்னொரு விதமாகச் சொல்ல முடியுமா?’ என்று பணிவாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. தேர்விலும் அப்படிக் கேட்கலாம். லீட்ஸ் அக்கா, உங்கள் வார்டில் கேட்கும் மற்ற சொற்களையும் எழுதுங்கள். அடுத்த மாதம் தோழி தேர்வு எழுதுகிறாள், இந்த முறை நோயாளியாக உட்காரப்போவது நான்.