மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இளவெயில் கேட்கிறார்:

மூன்று வருடத்துக்கும் மேலாகக் கருத்தடை மாத்திரை போடுகிறேன். இரண்டு ஹார்மோனும் சேர்ந்த வகை. 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. இரவு ஒன்பது மணிக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை.

போன அட்டையைத் தொடங்கிய கையோடு வயிறு கெட்டுப்போனது. மூன்று நான்கு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். அப்போதும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் ஓர் இரவு விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தபோது, மாத்திரை ஓரம் மட்டும் கரைந்து அப்படியே வெளியே வந்ததைப் பார்த்தேன். மற்ற நாட்களில் உள்ளே தங்கியதா என்று தெரியாது. உடம்பு தேறியதும் எல்லாம் பழையபடிதான் என்று எண்ணி அட்டையை முடித்தேன். நாங்கள் வேறு பாதுகாப்பு எதுவும் பயன்படுத்தவில்லை.

இடைவெளி வாரத்தில் எனக்கு நான்கு நாள் இரத்தம் நன்றாகப் போகும். இந்த முறை உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை, மறுநாள் இன்னொன்று. அவ்வளவுதான். இப்போது அடுத்த அட்டையின் முதல் வாரம் முடியப்போகிறது. பல் துலக்கும்போது குமட்டுகிறது. உள்ளாடை உரசினாலே மார்பு வலிக்கிறது. மதியம் வேலைக்கு நடுவில் கண் சொருகுகிறது. என் கணவர் வருடக்கணக்காகப் பயன்படுத்தும் ஷேவிங் கிரீமின் வாசனை திடீரென்று தாங்கவில்லை.

மாத்திரையின் விளைவாகவே இதெல்லாம் வரும் என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. அப்புறம் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? அட்டை முடிந்த மறுநாளே ஒரு டெஸ்ட் செய்தேன்; ஒரே கோடுதான் வந்தது. மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் டெஸ்டைக் குழப்பிவிடுமா? இன்று இரவு மாத்திரையைப் போடலாமா, வேண்டாமா? யாராவது தெளிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இரண்டு இரவாகச் சரியாகத் தூங்கவில்லை.

வெண்தாமரை பதில்:

இளவெயில், நான் மகப்பேறு பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டே கர்ப்பமானவர்கள் எங்களிடம் வருவது அபூர்வமல்ல. அவர்களில் பலர் தாமதமாகத்தான் வருவார்கள். "மாத்திரை போடுகிறேனே, எப்படி இருக்க முடியும்?" என்று அவர்களே தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டு இருந்திருப்பார்கள். நீங்கள் சீக்கிரமே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

உங்கள் குமட்டல், மார்பு வலி, தூக்கம் எதை வைத்தும் நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். மாத்திரையும் கர்ப்பமும் உடம்பில் காட்டும் அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிப்பேன். மாத்திரையால் வரும் தொந்தரவு பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் வந்து, பிறகு அடங்கிவிடும். அதே மாத்திரையை வருடக்கணக்காக எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டவருக்குத் திடீரென்று குமட்டலும் வாசனை ஒவ்வாமையும் வந்தால், அதை மாத்திரையின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அது டெஸ்ட் செய்யச் சொல்லும் காரணம். அதற்கு மேல் அதில் எதையும் படிக்க வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் வயிற்றுப் பிரச்சினை வந்த நேரம். விழுங்கி 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். உடனே இன்னொன்று போட வேண்டும். கடும் வாந்தியோ பேதியோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அப்படிப் போகும் ஒவ்வொரு நாளும் மாத்திரை தவறிய நாளாகவே கணக்கு. நீங்கள் விழுங்கினீர்கள், ஆனால் குடல் அதை உறிஞ்சவில்லை. இது உங்கள் கவனக்குறைவு இல்லை. இதை அட்டை வாங்கும்போதே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அதுவும் அட்டையின் தொடக்கத்தில் நடந்திருக்கிறது. 7 நாள் இடைவெளியில் சினைப்பை மெல்ல விழித்து முட்டையை வளர்க்கத் தொடங்கும். அடுத்த அட்டையின் முதல் 7 மாத்திரைகள்தான் அதை மறுபடி அடக்குகின்றன. அவற்றில் முதல் மூன்று நான்கு சேராமல் போனால், 7 நாள் இடைவெளி பத்து பதினோரு நாளாக நீண்டுவிட்டது என்று பொருள். முட்டை வெளிவர அது போதும். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை தவறுவதைவிடத் தொடக்கத்திலோ கடைசியிலோ தவறுவது அதிக ஆபத்து என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். உடம்பு தேறிய பிறகும் தொடர்ந்து 7 மாத்திரை உள்ளே சேரும்வரை ஆணுறை தேவைப்பட்டிருக்கும்.

அடுத்து அந்தப் பழுப்புக் கறை. இடைவெளி வாரத்தில் வருவது உண்மையான மாதவிடாய் இல்லை. ஹார்மோன் திடீரென்று நின்றதால் கருப்பையின் உள்சுவர் உதிர்வது. வருடக்கணக்காக மாத்திரை போடுபவர்களுக்கு அந்தச் சுவர் மெலிந்துவிடும். கர்ப்பமே இல்லாமல் வெறும் கறையோடு நிற்பதும், ஒரு மாதம் வராமலே போவதும் உண்டு. இன்னொரு பக்கம், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் லேசாக இரத்தம் கசியலாம். ஆகவே வரவில்லை என்பதால் கர்ப்பம் என்றும் இல்லை, வந்துவிட்டது என்பதால் கர்ப்பம் இல்லை என்றும் இல்லை. உங்களுக்கு நான்கு நாள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மாறியிருக்கிறது, அதனால் பார்த்துவிடுவதுதான் சரி.

டெஸ்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரையில் இருப்பவை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும். டெஸ்ட் தேடுவது எச்சிஜி என்ற வேறொரு ஹார்மோனை. அது கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் சுரக்கும். மாத்திரை அதைக் கூட்டவும் செய்யாது, மறைக்கவும் செய்யாது. ஆனால் நீங்கள் பார்த்த நாள் மிகவும் சீக்கிரம். கருத்தரித்து ஒட்டுவதற்கே 6 முதல் 10 நாள் ஆகும். அதன் பிறகு எச்சிஜி ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 21 நாள் கழித்துப் பார்த்தால்தான் ஒற்றைக் கோட்டை நம்பலாம். உங்கள் கணக்கில் இப்போது அந்த 21 நாள் தாண்டிவிட்டது. நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் பாருங்கள். இரவில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்துப்போய் கோடு தெரியாமல் போகலாம்.

இன்று இரவு மாத்திரையைப் போடுங்கள். முடிவு தெரியாமல் நிறுத்தினால், ஒருவேளை கர்ப்பம் இல்லையென்றால் புதிதாக ஒரு ஆபத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள். கர்ப்பம் இருந்தாலும் இன்னொரு மாத்திரையால் கேடு வராது.

ஆலமரத்தடி பதில்:

வெண்தாமரை அக்கா சொன்னது சேர்ந்த வகை மாத்திரைக்கு. ஒற்றை ஹார்மோன், அதாவது புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்தால் குழம்ப வேண்டாம். அதில் நேரக் கணக்கு கடுமையானது. பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம். இரத்தப்போக்கும் தாறுமாறாக வரும், சில மாதம் வராது. நான் அந்த வகைதான் போடுகிறேன், பாலூட்டிக்கொண்டிருப்பதால். நாள் தள்ளிப்போவதை வைத்து எனக்கு எதுவும் தெரியாது. நேரம் தவறிய நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அதிலிருந்து மூன்று வாரம் கழித்து டெஸ்ட் செய்துவிடுவேன். சந்தேகத்தோடு அலைவதைவிட அது நிம்மதி.

கடற்காற்று பதில்:

வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? அதையும் பாருங்கள். எனக்கு வலிப்புக்காகக் கார்பமாசெபைன் கொடுத்தபோது மருத்துவர் முதலில் கேட்டதே "கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றுதான். அந்த மருந்து கல்லீரலைத் தூண்டி, மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரமே கழித்துவிடுமாம். பெனிட்டாயின், டோபிராமேட், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில எச்ஐவி மருந்துகள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். நிறுத்திய பிறகும் 4 வாரம் வரை அதன் தாக்கம் இருக்கும். எனக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் காப்பர் டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சளிக்கும் பல் வலிக்கும் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கெடுக்காது. அதனால் வாந்தி பேதி வந்தால்தான் பிரச்சினை. இதைத் தெரியாமல் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

இளவெயில் பதில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வேறு மருந்து எதுவும் இல்லை, உப்பு சர்க்கரைக் கரைசல் மட்டும்தான்.

இன்று காலை பார்த்தேன். முதல் கோடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு வெளிர் சிவப்பு. மூன்று நிமிடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கணவர் இதைக் கோடு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். என் கைதான் நடுங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் போட்ட மாத்திரை குழந்தையைப் பாதித்திருக்குமா? எங்களுக்கு இன்னும் என்ன செய்வது என்றே முடிவெடுக்கத் தெரியவில்லை.

வெண்தாமரை பதில்:

முதலில் ஓர் இடத்தில் உட்காருங்கள். இன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கிட்டில் சொன்ன நேரத்துக்குள் நிறத்தோடு வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். நேரம் தாண்டிக் காய்ந்த பிறகு சாம்பல் நிறத்தில் தெரிவதைத்தான் கணக்கில் எடுக்கக் கூடாது. உங்களுடையது முதல் வகை. இரண்டு நாள் கழித்து இன்னொரு கிட்டில் பார்த்தால் கோடு அழுத்தமாக வரக்கூடும். காத்திருக்க மனமில்லை என்றால் இரத்தத்தில் பீட்டா எச்சிஜி பாருங்கள், அளவே எண்ணில் வந்துவிடும்.

இப்போது மாத்திரையை நிறுத்திவிடலாம். குழந்தையைப் பற்றிய பயம்தான் உங்களை வாட்டும் என்று தெரியும். டென்மார்க்கில் 8,80,000க்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்குச் சற்று முன்போ, கர்ப்பம் என்று தெரியாமல் அதன் பிறகோ மாத்திரை போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடுகள் கூடுதலாக வரவில்லை. எங்கள் பிரிவில் இந்தக் கேள்வியோடு அழுதுகொண்டு வருபவர்களிடமும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்.

ஒரு சரியான காரியத்தைச் செய்துகொண்டிருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று உங்களையே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். துளியும் பிசகாமல் போட்டால் வருடத்துக்கு 1,000 பெண்களில் சுமார் 3 பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். ஆனால் காய்ச்சல், வாந்தி, பயணம், மறதி எல்லாம் உள்ள நிஜ வாழ்க்கையில் அது 100 பேரில் சுமார் 7 பேர். நீங்கள் தனியாள் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். "கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது?" என்று கேட்டால் அந்தப் பழுப்புக் கறையின் தேதியைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். மாத்திரையில் இருந்ததையும், உடம்பு சரியில்லாமல் போன வாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாரக் கணக்கு தப்பாகிவிடும். ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்தால்தான் எத்தனை வாரம் என்று உறுதியாகத் தெரியும். தொடர்வதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். தொடர விருப்பம் என்றால் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம்.

ஸ்கேன் இன்னொரு காரணத்துக்கும் தேவை. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆலமரத்தடி, உங்களைப் போல ஒற்றை ஹார்மோன் மாத்திரை போடும்போது கர்ப்பமானால் இதில் இன்னும் கவனம் வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, தலைசுற்றி மயக்கம் வருவது, இரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், நள்ளிரவாக இருந்தாலும். டெஸ்டில் இரண்டு கோடு வந்தது என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.