டென்ஸ் மோடு, ஸ்பார்ஸ் மோடு: ‘அடர்’, ‘ஐதான’ வேண்டாமே

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வலையமைப்புக் கலைச்சொற்களுக்கு நம் குழுவில் வந்த தமிழ்ப் பரிந்துரைகளைப் பற்றி எழுதுகிறேன். மல்டிகாஸ்ட்டுக்கு (ஒரே தரவை ஒரு குழுவாகச் சேர்ந்த பல பெறுநர்களுக்கு ஒருங்கே அனுப்பும் முறை) ‘பல்பரப்பு’, மோடுக்குப் ‘பாங்கு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதில் தரவைப் பரப்பும் இரு முறைகளான டென்ஸ் மோடை ‘அடர் பாங்கு’ என்றும் ஸ்பார்ஸ் மோடை ‘ஐதான பாங்கு’ என்றும் வைக்கலாம் என்ற பரிந்துரையில்தான் தயங்குகிறேன். ‘ஐதான’ அருமையான சொல். நாம் நீர்த்த அமிலம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் ஐதான அமிலம் என்கின்றன. சிக்கல் மூலப்பெயரில் இருக்கிறது: அது பெறுநர்கள் நெருக்கமாக இருக்கிறார்களா, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறார்களா என்பதைத்தான் சொல்கிறது. திசைவி (ரவுட்டர்) என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை.

டென்ஸ் மோடில் திசைவி யாரையும் கேட்காமல் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவிடும். ‘வேண்டாம்’ என்ற கிளையை அப்புறம் வெட்டும். அந்த வெட்டும் 3 நிமிடத்தில் காலாவதியாகி, திரும்பவும் பாயும். ஸ்பார்ஸ் மோடிலோ கேட்டவருக்கு மட்டுமே போகும்.

நான் பாடம் நடத்தும் ஆய்வகத்தில் ஒரு மாணவி, “ஆளு நிறைய இருக்காங்க, அடர்த்திதானே சார்” என்று டென்ஸ் மோடு போட்டார். 239.1.1.1 என்ற முகவரியுள்ள பல்பரப்புக் குழுவை யாருமே கேட்காத கடைசித் திசைவியின் விளக்கு 3 நிமிடத்துக்கு ஒருமுறை படபடவென்று மின்னி அடங்கியது. “யார் சார் கேட்டாங்க?” என்றார். பெயரை நம்பித்தான் அவர் அங்கே போனார்.

அதனால் ‘பாய்ச்சல் பாங்கு’, ‘வேண்டல் பாங்கு’ என்று செயலை வைத்தே சொல்லலாம். பாய்ச்சல் என்றால் தாவல் என்றும் பொருள்படுமே என்பீர்கள். நீர்ப்பாய்ச்சல் அறிந்தவர்களுக்கு, இந்த இடத்தில் குழப்பம் வராது.

‘இந்தக் கிளைக்கு வேண்டாம்’ என்று திசைவி அனுப்பும் புரூன் செய்திக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். முருங்கைக்கும் தேயிலைக்கும் செய்கிற ‘கவாத்து’ இருக்கிறது. வெட்டிய கிளையைத் திரும்பச் சேர்க்கும் கிராஃப்ட் செய்திக்கு ‘ஒட்டு’. பரப்பும் பாதையையே மரம் என்கிறோம், பொருந்தி வருகிறது.

வேண்டல் பாங்கில் மையமாக இருக்கும் திசைவியான ரான்டெவூ பாயின்ட்டுக்கு வந்த ‘சந்திப்பு முனை’ தவறில்லை. ஆனால் நம் அக இலக்கணத்தில் ‘குறியிடம்’ உண்டு: தலைவனும் தலைவியும் சந்திக்க முன்கூட்டியே குறித்த இடம். அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் அறியாமலே வந்து சேரும் இந்தத் திசைவியின் முகவரியும் எல்லாத் திசைவிகளுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காக நான் வாதாடத் தயார்.

ஸ்பார்ஸ்-டென்ஸ் மோடுக்கு ‘வேண்டல்-பாய்ச்சல் பாங்கு’. ஒரு குழுவுக்குக் குறியிடம் தெரிந்தால் வேண்டல், தெரியாவிட்டால் பாய்ச்சல். குறியிடத் தகவல் அற்றுப்போனால் வலையமைப்பு முழுக்க வெள்ளம் வரும் என்ற ஆபத்தும் பெயரிலேயே தெரிகிறது. திசைவியின் கட்டளை வரியில் ‘ஐபி பிம் ஸ்பார்ஸ்-டென்ஸ்-மோட்’ என்றே தட்ட வேண்டும் (பிம் என்பது இந்தப் பல்பரப்பு நெறிமுறையின் பெயர்). விளக்கவுரையில் நம் சொல் இருக்கட்டும்.

‘எனக்கும் அனுப்பு’ என்று குழுவில் சேரக் கேட்கும் ஜாயின் செய்திக்கு ‘இணைவு’ எனக்கு நிறைவாக இல்லை. ‘சேர்க்கை’ பள்ளிச் சேர்க்கையை நினைவூட்டுகிறது. வேறு யாரிடமாவது இருக்கிறதா?