அஃபேசியா: ‘பேச்சிழப்பு’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

மூளை பழுதுபடுவதால் சொல் அகப்படாமலோ பிறர் சொல்வது புரியாமலோ போகும் அஃபேசியாவுக்குத் தமிழ்ப் பெயராகத் தாங்கள் முன்மொழிந்த ‘பேச்சிழப்பு’ எளிய சொல். வீட்டாரும் மருத்துவரிடம் ‘பேச்சு போய்விட்டது’ என்றே சொல்வதால் அது நிலைத்துவிடவும் கூடும். ஆயினும் எனக்குத் தயக்கம் உண்டு. பக்கவாதத்தில் நாக்கும் உதடும் வலுவிழந்து பேச்சு குழறுவது வேறு. அவை நன்றாக இயங்கியும் சொல் அகப்படாமல் போவது வேறு. முன்னதற்கு ‘நாக்குழறல்’ என்ற வழக்குச்சொல் இருக்கிறது. பின்னதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

1861-இல் பாரிசில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா ஆராய்ந்த நோயாளிக்கு ‘டான், டான்’ என்பதற்கு மேல் ஏறக்குறைய எதுவும் வாயில் வரவில்லை, ஆனால் பிறர் சொன்னது பெரும்பாலும் புரிந்தது. அவருக்குப் ‘பேச்சிழப்பு’ பொருந்தும். 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே விவரித்த வகையினரோ தங்குதடையின்றிப் பேசுவர்; பேச்சில் பொருள்தான் இராது, பிறர் பேச்சும் அவர்களுக்குச் சரிவரப் புரியாது. ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால், ‘அந்தப் பெட்டியை நேற்றே நடந்துவிட்டேன், மேலே கூப்பிட்டது சரிதான்’ என்று ஏற்ற இறக்கத்தோடு விடை சொல்கிறவரைப் பேச்சிழந்தவர் என்று எப்படி எழுதுவது? சைகைமொழியையே தாய்மொழியாகக் கொண்ட காது கேளாதவருக்கு மூளையின் இடப்பாதி பழுதுபட்டால், கையில் வலுவிருந்தும் சைகைகள் குலைந்துபோவதுண்டு. அங்கே வாய்ப்பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே கெடுவது மொழி. ‘மொழியிழப்பு’ என்றால் முற்றிலும் போய்விட்டதாகத் தோன்றும். பயிற்சியால் பெருமளவு மீள்வோரும் இருக்கிறார்கள். ‘மொழிச்சிதைவு’ என்றாலோ, கலப்புத்தமிழைக் கண்டிக்கும் மேடைப்பேச்சுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘மொழிக்குலைவு’ என்று வைத்தால், வெளிப்பாட்டு மொழிக்குலைவு, புரிதல் மொழிக்குலைவு, முழு மொழிக்குலைவு என வகைப்பெயர்களும் இடறலின்றி அமைகின்றன.

பெயர்ச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. புரோக்கா முதலில் இட்ட பெயர் ‘அஃபேமி’. அது கிரேக்கத்தில் அவப்பெயரைக் குறிக்கும் என்று மறுத்து, 1864-இல் துரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் ‘அஃபேசி’ என்று மாற்றினார்.

மறுமொழி:

‘பேச்சு’ தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் துரூசோவுக்கு இருந்த உறுத்தல் எனக்குக் ‘குலைவு’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘நிலைகுலைவு’, ‘சீர்குலைவு’ என்றே கேட்டுப் பழகிய வீட்டார், நோயாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக எண்ணக்கூடும். பேனாவைக் காட்டிப் பெயர் கேட்டால், சொல் வராமல், எழுதுவதுபோல் விரலை அசைத்துக் காட்டுகிறவருக்கு அது இன்னதென்று தெரியாமலில்லை. ‘மொழித்தடுமாற்றம்’ அந்த நிலையை இன்னும் நெருங்கிச் சொல்கிறது, இழிவும் தொனிக்கவில்லை. ‘முழு மொழித்தடுமாற்றம்’ என்று சொல்லிப் பார்த்தால் மட்டும் அது நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் வேண்டாமென்று விட்ட ‘மொழியிழப்பு’ என்பதையே அந்த ஒரு வகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?