மலைப்பாதை மராத்தான்: இறக்கத்தில் தொடை தாங்க என்ன செய்கிறீர்கள்?

எல்லாருக்கும் வணக்கம். ஏற்ற இறக்கம் நிறைந்த 42.195 கி.மீ. ஓட்டத்துக்கான பயிற்சியில் உங்கள் உதவி தேவை.

ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுவதுதான் திட்டம். இரைத்தால் காலடியைக் குறுக்குவது, அப்போதும் அடங்காவிட்டால் வேக நடை. இதில் குழப்பம் இல்லை.

சிக்கல் இறக்கத்தில்தான். அங்கே முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் சேர்ந்து, 30 கி.மீ.க்கு மேல் சமதளத்தில்கூடக் கால் துவண்டுவிடுகிறது. காலை உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றி பிரேக் போட்டால் சேதம் இன்னும் கூடும். இறக்கத்தில் ஓடிப் பழகினால் அடுத்த முறை வலி குறையும், அந்தப் பலன் சில வாரங்கள் நிற்கும். அப்படியானால் கடைசி இறக்கப் பயிற்சியைப் போட்டிக்கு எத்தனை நாள் முன்பு வைக்கிறீர்கள்? 14 நாளா, 21 நாளா? எவ்வளவு சரிவில், எத்தனை சுற்று?

அடுத்தது ஜெல், அதாவது ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. கடும் ஏற்றத்தில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைவதால் குமட்டுகிறது. ஏற்றத்துக்கு முன்பே எடுப்பது நல்லதா, உச்சி தாண்டியா?

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். இரண்டு தொடையும் ஒன்றுபோல எரிந்தால் பொறுக்கலாம். ஒரே இடத்தில் குத்தினாலோ நடை நொண்டினாலோ நிற்கத்தான் வேண்டும். அந்த எரிச்சலின்போது கவனத்தை எதில் வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.