இணையத்தில் இல்லாத இயந்திரத்தையும் சைபர் போர் தொடுமா?

பாயான் பாரு பராமரிப்பு:
வணக்கம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் கோப்புகளைத் திருடினாலும் சைபர் போர் என்கிறார்கள், மின்சாரத்தைத் துண்டித்தாலும் அதையேதான் சொல்கிறார்கள். எதுதான் போர்? பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிகளான பி.எல்.சி.கள் பலவற்றுக்கு இணையமே கிடையாது. அவற்றுக்கும் ஆபத்து உண்டா?

ஜார்ஜ்டவுன் சட்டம்:
கோப்பைத் திருடுவது உளவு. எல்லா நாடுகளும் செய்கின்றன, அதற்காக யாரும் போர் தொடுப்பதில்லை. ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு ஆயுதத் தாக்குதல் நடந்தால்தான் தற்காப்புக்கு இடம் தருகிறது. ஆள் சாவு, காயம், பொருள் அழிவு என்று விளைவு குண்டுவீச்சுக்குச் சமமாக இருந்தால் சைபர் தாக்குதலும் அதில் அடங்கும் என்பதே பெரும்பாலான வல்லுநர்களின் கருத்து. 2007இல் எஸ்தோனியாவின் வங்கிகளும் அமைச்சுகளும் வாரக்கணக்கில் விட்டுவிட்டு இணையத்தில் முடங்கின. ஆனாலும் நேட்டோ அதைப் போராக எடுத்துக்கொள்ளவில்லை. யார் செய்தது என்று நிரூபிப்பதுதான் இதில் பெரிய தலைவலி.

கட்டுப்பாட்டு அறை:
இணையம் இல்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையில் வெளியுலகத் தொடர்பே இல்லாத சீமென்ஸ் பி.எல்.சி.களுக்குள் போனது. யு.எஸ்.பி. வழியாகப் பரவும்படியே அதைச் செய்திருந்தார்கள். 1,064 ஹெர்ட்ஸில் சுழல வேண்டிய, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜை 1,410க்கு ஏற்றியது, பல நாள் கழித்து 2க்கு இறக்கியது. அதைவிட மோசம், பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் கணினியில், பி.எல்.சி.யோடு பேச உதவும் நூலகக் கோப்பையே (லைப்ரரி ஃபைல்) அது மாற்றிவிட்டது. பொறியாளர் பி.எல்.சி.யிலிருந்து நிரலைப் படித்தால் பழைய, சுத்தமான நிரல்தான் கண்ணில் படும்.

அதனால் அதே லேப்டாப்பில் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. மூல நிரலை வேறிடத்தில் பூட்டி வைத்து, இணையமும் மின்னஞ்சலும் தொடாத தனி லேப்டாப்பில் ஒப்பிடுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் லேப்டாப்பை நேராகச் செருக விடாதீர்கள்.

பி.எல்.சி.யில் சாவி சுவிட்ச் இருந்தால், நிரலை மாற்ற விடாத 'ரன்' நிலையில் வைத்துச் சாவியைக் கழற்றிவிடுங்கள். 2017இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றின் ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளில் டிரைட்டன் என்ற தீய நிரல் ஏறியதற்கு, சாவி 'புரோகிராம்' நிலையிலேயே கிடந்தது ஒரு காரணம்.

பாயான் பாரு பராமரிப்பு:
நன்றி அண்ணா. அப்போ யு.எஸ்.பி.யையும் லேப்டாப்பையும் கட்டுப்படுத்தினால் போதுமா?

கட்டுப்பாட்டு அறை:
போதாது தம்பி. உக்ரைனின் மின் விநியோக நிறுவனங்களில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்ததைப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த ஆஃபீஸ் கோப்பின் மேக்ரோவில் (உள்ளே ஒளிந்த சிறு நிரல்) தொடங்கி, மாதக்கணக்கில் உள்ளே உலவி, வெளியிலிருந்து உள்வலையில் நுழைய உதவும் வி.பி.என். கடவுச்சொல்லைத் தாக்கியவர்கள் பிடித்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அங்கே இல்லை. பணியில் இருந்த ஊழியர்களின் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது, அதாவது மின்னோட்டத்தைத் துண்டித்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. துணை மின்நிலையக் கருவிகளை வலையோடு இணைக்கும் சீரியல் மாற்றிகளின் ஃபர்ம்வேரையும் (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருள்) அழித்துவிட்டதால் தொலைவிலிருந்து எதையும் இயக்க முடியவில்லை. ஆட்கள் துணை மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டதால் ஆறு மணி நேரத்துக்குள் விளக்கு எரிந்தது. கையால் இயக்கும் முறையை உங்கள் ஷிஃப்ட் ஆட்கள் எல்லாருக்கும் பழக்குங்கள்.

ஜார்ஜ்டவுன் சட்டம்:
மலேசியாவில் 854ஆவது சட்டம், அதாவது 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ளது. முக்கியக் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்ட நிறுவனம், சம்பவம் தெரிந்தவுடன் நாக்சாவுக்கு (தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். 6 மணி நேரத்தில் முதல் விவரம், 14 நாளில் கூடுதல் விவரம். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.

கட்டுப்பாட்டு அறை:
காப்புப் பிரதி பற்றி ஒன்று விட்டுப்போனது. 2017 ஜூனில் உக்ரைனைக் குறிவைத்த நாட்பெட்யா என்ற தீய நிரல், ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் கிளம்பி மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் முடக்கியது. அவர்களின் டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் கணினிகள்) ஒன்றுக்கொன்று பிரதியாக இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒன்றுதான் தப்பியது. உங்கள் பி.எல்.சி. நிரலின் ஒரு பிரதியையாவது கேபிளைக் கழற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை உதிரி பி.எல்.சி.யில் ஏற்றி ஓட்டியும் பாருங்கள்.